எட்டு மாத நாய்க்குப் பச்சை எலும்பு கொடுக்கலாமா? (விசுவமடு)

மல்லிகைப்பந்தல் எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டில் எட்டு மாதக் கடுவன் ஒன்று நிற்கிறது. ஊர் நாய்தான், பெயர் செம்பன். நல்ல பிள்ளை, ஆனால் வாய் சும்மா இருப்பதில்லை. அப்பாவின் இரண்டு சோடிச் செருப்பு போய்விட்டது. போன கிழமை தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் குழாயை மூன்று இடத்தில் கடித்துத் துளைத்துவிட்டான். மாட்டுக்கொட்டில் கப்பின் அடிப்பகுதியையும் அரித்துக்கொண்டிருக்கிறான்.

கனடாவில் இருக்கும் சித்தியின் மகன், பச்சை எலும்பு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். அம்மாவோ, பச்சை இறைச்சி ருசி கண்ட நாய் அயல்வீட்டுக் கோழியைப் பிடிக்கும், விசரும் பிடிக்கும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறா. அவ கொடுப்பதெல்லாம் கறியில் வெந்த எலும்பைச் சோற்றோடு பிசைந்துதான். எங்கள் ஒழுங்கையில் ஞாயிறு காலையில் ஆட்டுப் பங்கு போடுவார்கள், எலும்பு கிடைப்பது கஷ்டமில்லை. வீட்டில் மூன்று வயது மகளும் இருக்கிறாள், வளவு முழுக்க வெறுங்காலோடு திரிகிறவள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முத்தையன்கட்டு எழுதியது:

தங்கச்சி, நான் இருபத்திரண்டு வருடம் கால்நடைத் துறையில் களவேலை செய்து ஓய்வு பெற்றவன். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போடப் போன வீடுகளில் நாயையும் காட்டாமல் விட்டவர்கள் குறைவு. ஆகையால் எலும்பு சிக்கிய நாய்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். பச்சை எலும்பு கொடுக்கலாம், ஆனால் பங்கில் வருகிற எலும்பை அப்படியே போடக் கூடாது.

முதலில் அம்மா கொடுப்பதை நிறுத்துங்கள். வெந்த எலும்பில் ஈரமும் பசையும் போய்விடும். பல் பட்டதும் அது நசியாது, ஊசி ஊசியாகப் பிளக்கும். கோழியின் கால் எலும்பைக் கறிச்சட்டியிலிருந்து எடுத்து முறித்துப் பாருங்கள், முறிந்த நுனியை விரலில் வைத்தால் தெரியும். பச்சை எலும்பு அந்த அளவுக்குச் சிம்பாகாது. கறிச்சோற்றில் இன்னொரு கேடும் இருக்கிறது. வெங்காயமும் உள்ளியும் வெந்தாலும் நாயின் இரத்தத்துக்கு ஆகாது. சிவப்பணுக்களை உடைக்கும்.

இனிப் பங்கு எலும்பு. நம் இடங்களில் ஆடு அடித்தால் எலும்பைக் குற்றியில் வைத்துக் கத்தியால் வெட்டித்தள்ளுவார்கள், தேக்கம் இலையில் குவியும்போது ஒவ்வொரு துண்டும் இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். மனிதன் சூப்புவதற்கு அது நல்ல அளவு. நாய்க்கு அதைவிடக் கெட்ட அளவு இல்லை. பதினைந்து கிலோ நாய் அதைக் கடிக்காது, விழுங்கும். கத்தி விழுந்த இடத்தில் சிராய்களும் இருக்கும். அதனால் ஆடு துண்டாக முன்பே போய் நில்லுங்கள். முன்னங்கால் ஒன்றை மூட்டோடு, வெட்டாமல், கொஞ்சம் சதையும் சவ்வும் ஒட்டியபடி தரச் சொல்லுங்கள். செம்பனின் முகத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். முழுதாக வாய்க்குள் போகிற எதுவும் அவனுக்கு வேண்டாம்.

மாட்டின் கால் எலும்பு கிடைத்தாலும் எடுக்காதீர்கள். அரை தொன் உடம்பைத் தாங்குகிற எலும்பு அது. மேல்தாடையின் பின்பக்கத்தில் இரண்டு பக்கமும் ஒரு பெரிய வெட்டும் பல் இருக்கிறது, அதுதான் பலகை போலப் பிளந்து போகும். ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு வீட்டு நாய் ஒரு மாதமாக ஒரு பக்கத்தால் மட்டும் தின்றதாம். வாயைத் திறந்து பார்த்தேன், பல் பாதி, உள்ளே சிவப்பாக நரம்பு தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கட்டியும் வந்துவிட்டது. நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சமும் பதியாத எலும்பு பல்லுக்கு ஆகாது. வளையமாக அறுத்த மச்சை எலும்பும் வேண்டாம். அது கீழ்த்தாடையில் கோரைப்பல்லைத் தாண்டி மோதிரம் போல இறுகிக்கொள்ளும். மச்சையில் கொழுப்பும் அதிகம், பழகாத நாய்க்கு வயிற்றால் போகும், சிலதுக்குக் கணையமே வீங்கிவிடும்.

கொடுக்கும் விதத்தையும் சொல்கிறேன். பசியோடு கொடுக்காதீர்கள், சோறு தின்ற பிறகு கொடுங்கள், அப்போதுதான் அவசரமில்லாமல் அரிப்பான். சாக்கு ஒன்றை விரித்து, கழுவக்கூடிய இடத்தில், நீங்கள் பக்கத்தில் இருந்து. இருபது நிமிடம் போதும். பிறகு எடுத்துவிட வேண்டும். பறிக்கக் கூடாது, பறித்தால் அடுத்த முறை உறுமுவான். அவித்த முட்டையில் பாதியை நீட்டி, அவன் வாயிலிருந்து விட்டதும் எலும்பை எடுங்கள். இதை முதலில் செருப்பிலும் தடியிலும் பழக்கிவிட்டு எலும்புக்கு வாருங்கள். அந்த இருபது நிமிடமும் மகள் வீட்டுக்குள் இருக்கட்டும். குணமான நாயும் எலும்பு முன்னால் வேறு நாய்தான்.

விசர் பச்சை இறைச்சியால் பிடிக்காது. விசர் பிடித்த நாயோ வேறு மிருகமோ கடித்து, எச்சில் வழியாகக் கிருமி போனால்தான் வரும். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அம்மாவின் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பச்சை இறைச்சியில் சல்மனெல்லா போன்ற கிருமிகள் இருக்கும், நாய் தாங்கினாலும் சின்னப் பிள்ளை தாங்காது. உறைபெட்டியில் வைத்தால் அவை செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். கை, சாக்கு, நிலம் எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நம் வெயிலுக்குப் பத்து மணிக்கு மேல் எலும்பு வெளியே கிடந்தால் இலையான் முட்டையிட்டுவிடும்.

ஈரலும் சுவாசப்பையும் பச்சையாக வேண்டவே வேண்டாம். அவற்றில் நாடாப்புழுக் குஞ்சுகள் உள்ள நீர்க்கட்டி இருந்தால் நாயின் குடலில் அந்தப் புழு வளரும். அதன் முட்டை மலத்தோடு வளவில் விழுந்தால் ஆபத்து பிள்ளைக்கு. பூச்சி மருந்தை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் கொடுங்கள்.

மல்லாவி_கறுப்பி எழுதியது:

ஐயா சொன்ன வெந்த எலும்பு விஷயத்துக்கு என் வீடே சாட்சி. மூன்று வருடத்துக்கு முன் பக்கத்து வளவில் கல்யாண வீட்டுச் சாப்பாடு. சாப்பிட்ட இலைகளை வேலிக்கு வெளியே குவித்திருந்தார்கள். இரவு எங்கள் நாய் கறுப்பி போய்த் தின்றுவிட்டாள். அடுத்த நாள் சத்தி. முக்கி முக்கி இருந்தாள், மலம் வரவில்லை. சுண்ணாம்புக் கட்டி போல இரண்டு துண்டு, பிறகு இரத்தம். வயிற்றைத் தொடவிடாமல் முன்னங்காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள், கும்பிடுவது போல. விளையாடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் முழுக்க நல்லெண்ணெய் பருக்கிப் பார்த்தேன். வைத்தியரிடம் கொண்டுபோனபோது குடல் கிழிந்துவிட்டது என்றார். அவள் பிழைக்கவில்லை.

அந்த நிற்பு வயிற்று வலியின் அடையாளம் என்று பிறகுதான் அறிந்தேன். நாய் அப்படி நின்று சத்தியும் எடுத்தால் எண்ணெயோடு நேரத்தைக் கடத்தாதீர்கள், உடனே கொண்டுபோங்கள்.

முத்தையன்கட்டு எழுதியது:

வருத்தமாக இருக்கிறது தம்பி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எலும்பு விழுங்கிய நாயை வலிந்து சத்தி எடுக்க வைக்கவும் கூடாது. இறங்கும்போது கிழிக்காதது ஏறும்போது தொண்டையைக் கிழிக்கும்.

குளக்கட்டு எழுதியது:

நான் எலும்பே கொடுப்பதில்லை. காய்ந்த தேங்காய் மட்டை போடுவேன், கரட் போடுவேன். காட்டோரம் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பச்சை இறைச்சிக்கு ஆசை வந்த நாய் பற்றைக்குள் மோப்பம் பிடித்துப் போகும். கடித்தால் வெடிக்கிற பன்றிவெடியை இரைக்குள் மறைத்து வைக்கிறவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். யானைக் கன்றுகளே வாய் சிதறிச் சாகின்றன, நாய்க்கு எம்மாத்திரம்.

முத்தையன்கட்டு எழுதியது:

பன்றிவெடி பற்றிச் சொன்னது மெத்தச் சரி. நாயை வேலிக்குள் வைத்திருப்பதுதான் அதற்கு வழி. கரட் நல்லது. தேங்காய் மட்டையைக் கவனியுங்கள், தும்பைக் கிழித்துத் துப்புகிற நாய்க்குப் பிழையில்லை, விழுங்குகிற நாய்க்குத் தும்பு குடலில் திரண்டு அடைத்துவிடும். மலத்தில் தும்பு தெரிந்தால் நிறுத்துங்கள்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கறுப்பியைப் பற்றிப் படித்ததும் அம்மா அன்றே கறி எலும்பை நிறுத்திவிட்டா. இரண்டு கிழமை செருப்பும் முட்டையுமாகப் பழக்கினேன்.

இந்த ஞாயிறு விடிய ஐந்தரைக்கே பங்கு போடும் இடத்துக்குப் போனேன். ஆடு வெட்டுகிற அண்ணர் கத்தியை ஓங்கிவிட்டார், நான் கையைக் காட்டி நிறுத்தி, முன்னங்காலை முழுதாகக் கேட்டேன். "நாய்க்கா இவ்வளவு இறைச்சி?" என்று கேட்டார். காரணம் சொன்னதும் சதையைச் சுரண்டிவிட்டு மூட்டை வெட்டாமல் தந்தார், பங்கு விலையில் சேர்க்கவில்லை.

கிணற்றடிச் சீமெந்தில் சாக்கை விரித்தோம். செம்பன் முதலில் நக்கினான். பிறகு படுத்து, எலும்பின் ஒரு முனையை முன்னங்கால் இரண்டாலும் அமர்த்திப் பிடித்து, தலையைச் சரித்துக்கொண்டு பின்பல்லால் சவ்வை உரித்தான். உரிக்கிற சத்தம் கேட்டது, கண்ணைப் பாதி மூடியிருந்தான். அம்மாவும் குந்தில் வந்து இருந்தா. இருபது நிமிடத்தில் முட்டையைக் காட்டியதும் விட்டுவிட்டான். பின்னேரம் வரை குழாய்ப் பக்கம் போகவே இல்லை, வேம்புக்குக் கீழே படுத்துத் தூங்கினான்.

ஒரு சந்தேகம் ஐயா. எலும்பில் இளஞ்சிவப்பாக இரத்தக் கோடு இரண்டு இருந்தது. ஈறிலிருந்து வந்திருக்குமா? பயப்பட வேண்டுமா? மிச்ச எலும்பை நாளைக்கும் கொடுக்கலாமா?

முத்தையன்கட்டு எழுதியது:

புதிதாக அரிக்கிற நாய்க்கு ஈறில் அவ்வளவு வருவது வழக்கம். இரவு விளக்குப் பிடித்து மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள், பல்லிடுக்கில் சிராய் நிற்காவிட்டால், நாளைக்கும் இரத்தம் தொடராவிட்டால் கவலையில்லை. மிச்ச எலும்பு மூடிய பெட்டியில் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தால் மூன்று நாள் வைக்கலாம், ஆனால் நாளைக்கே கொடுக்காதீர்கள். நாளைக்கு மலம் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வெள்ளையாக, உதிர்கிற மாதிரி இருந்தால் எலும்பு கூடிவிட்டது, மிச்சத்தை ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்து மேலே கல்லை வையுங்கள். வழக்கம் போல இருந்தால் புதன்கிழமை இன்னொரு இருபது நிமிடம்.