12 வயசு கீப்பரை அண்டர் 15 டீம்ல ஆட விடலாமா?

குனியமுத்தூர் அப்பா
வணக்கம்ங்க. பையனுக்கு வர்ற மாசம் 12 முடியுது, ஃபுட்பால்ல கோல் கீப்பர். அவன் டீம்ல பசங்க நல்லா ஆடறதால இவன்கிட்ட பந்தே வர்றதில்லீங்க, பாதி நேரம் போஸ்ட்ல சாஞ்சு நின்னு கையுறை வெல்குரோவை பிரிச்சு ஒட்டி பிரிச்சு ஒட்டி விளையாடிட்டு இருக்கான். இப்ப கோச் கூப்புட்டு, இவனை அண்டர் 15 டீமுக்கு ஆட வைக்கறேன், அங்க போனாத்தான் வளருவான்ங்கறார். பையன் குதிக்கறான், அவங்கம்மா வேண்டவே வேண்டாம்ங்கறா. உயரம் 4 அடி 9 இன்ச். கீப்பரா ஆடுனவங்க, கோச்சிங் பண்றவங்க யாராச்சும் சொல்லுங்க.

தூத்தூர் கடப்புறம்
இதுல யோசிக்க என்ன அண்ணே இருக்கு, அனுப்புங்க. எங்க ஊர் மணல்ல அண்டர் 12, அண்டர் 15ன்னு ஒண்ணும் கெடையாது, ஆள்லயே சின்னவன் யாரோ அவன்தான் கோல்ல நிப்பான், அண்ணன்மாரு வெறுங்கால்ல அடிக்கிற அடியத் தடுத்து தடுத்துதான் படிக்கது. குமரி கடலோரத்துல இருந்து இத்தன பேரு மாநிலங்களுக்குள்ள நடக்குற சந்தோஷ் டிராபி வரைக்கும் போனது எப்படின்னு நெனைக்கிய? இத்தாலி கீப்பர் டொன்னாரும்மா 2015 அக்டோபர்ல ஏசி மிலனுக்கு முதல் சீரி ஆ (இத்தாலி பெரிய லீக்) மேட்ச் ஆடும்போது வயசு 16 வருஷம் 8 மாசம். எதிர்ல நின்னவன் எல்லாம் பிள்ளைகுட்டிக்காரன்.

ரிசர்வ் கீப்பர்
டொன்னாரும்மாவை இழுக்காம யாருமே இந்தப் பேச்சு பேச மாட்டீங்களா ப்ரோ 🙂 அந்தாளு 16 வயசுலயே ஆறடிக்கு மேல. இங்க பையன் 4 அடி 9. முழு சைஸ் கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். இவன் ரெண்டு கையையும் தூக்கி நின்னா சுமாரா 1.85 வருமா, குதிச்சாலும் குறுக்கு கம்பிக்கு கீழ ஒரு பெரிய ஓட்டை இருந்துட்டே இருக்கும், அதை அவன் டெக்னிக் வச்சு மூட முடியாது, வளர்ந்துதான் மூடணும். என்ன ஆகும்னா, ரெண்டு மூணு பந்து தலைக்கு மேல தூக்கிப் போட்டு கோல் வாங்குவான், அப்புறம் பயந்துபோய் கோல் லைன்லயே ஒட்டிக்குவான், வெளிய வந்து அடிக்கிறவனுக்கு தெரியற கோலை மறைச்சு ஆங்கிளைக் குறைக்கவே மாட்டான். ஆறடி வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது, இதே மாதிரி லைன்ல ஒட்டிக்கிட்டு நிக்கிற ஆளுங்களை காலேஜ் மேட்ச்ல எத்தனையோ பார்த்திருக்கேன். இங்கிலாந்துல அண்டர் 12க்கு 16 அடி அகலம் 7 அடி உயரம் கோல், அண்டர் 14 வரைக்கும் 21க்கு 7, அண்டர் 15லதான் 24க்கு 8, அதாவது முழு சைஸ். சும்மாவா அப்படி வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல இருக்கறது ஒரே போஸ்ட், அஞ்சாங்கிளாஸ் பையனுக்கும் அதான் போலீஸ் டீமுக்கும் அதான்.

வடசென்னை கோச்
பதினஞ்சு வருஷமா பசங்களோட இருக்கேன், நான் அனுப்புன்னுதான் சொல்வேன். ஃபார்வர்டு பையனை மேல அனுப்பினா பெரிய பசங்க தோள்ல இடிச்சு தள்ளிடுவான், அது வேற. கீப்பருக்கு கோல் முன்னாடி இருக்கற பாக்ஸ்ல ரெஃப்ரி காவல் இருக்கு. அவனுக்குத் தேவை வேகமான ஷாட், கண்ணு அதுக்குப் பழகணும், ஒரே ஆள் பந்தோட நேரா வர்ற ஒன் ஆன் ஒன்ல எப்ப இறங்கறது எப்ப நிக்கறதுன்னு அந்த அரை செகண்ட் முடிவு அவன் வயசு பசங்ககிட்ட கிடைக்காது. மேட்ச் முழுக்க ரெண்டு பந்து தொடறவன் என்னத்தை கத்துப்பான் சொல்லுங்க. 2017 அண்டர் 17 உலகக் கோப்பை முடிஞ்ச கையோட நம்ம இந்தியா டீம் பசங்களை வச்சே இந்தியன் ஆரோஸ்னு ஒரு டீம் போட்டு ஐ லீக்ல பெரியவங்க கிளப்புங்களோட ஆட விட்டாங்க இல்ல? அதுல நின்ன பிரப்சுகன் கில்தான் 2021-22 ஐஎஸ்எல்ல கேரளா பிளாஸ்டர்ஸுக்கு ஆடி சிறந்த கீப்பருக்கான கோல்டன் குளோவ் வாங்கினார்.

ரிசர்வ் கீப்பர்
கோச் சார், நல்ல உதாரணம், ஆனா அது எனக்குத்தான் சாதகம். ஆரோஸ்ல மொத்த டீமுமே சின்னப் பசங்க, கில்லுக்கு முன்னாடி நின்ன டிஃபண்டர்ஸ் அவரோட செட்டு, கத்தினா கேப்பாங்க. இவன் தனியா போறான். கீப்பர் வேலைல பாதி வாய்தான்னு உங்களுக்குத் தெரியாததா? ஏழாங்கிளாஸ் பையன் பாக்ஸ்ல நின்னுட்டு "மேல ஏறு", "ரெண்டாவது போஸ்ட்ல ஆள் பாரு", "விடு, கீப்பர்"னு ஒன்பதாங்கிளாஸ் அண்ணனைப் பார்த்து கத்தணும். கத்துவானா? கத்தினாலும் "டேய் சும்மா நில்றா"ன்னு ஒரு சத்தம் வரும், அதோட வாயை மூடிக்குவான். அவன் வயசு டீம்ல அவன் கேப்டன் மாதிரி பேசிட்டு இருந்திருப்பான்.

பிஸியோ ராஜி
யாரும் கையைப் பத்தி பேசலையே. மணிக்கட்டுக்குப் பக்கத்துல எலும்பு நீளமா வளர்ற குருத்தெலும்புப் பகுதி ஒண்ணு இருக்கு, இந்த வயசுல அதுதான் ரொம்ப வீக். விரலை விரிச்சு உள்ளங்கையால பந்தைத் தடுக்கும்போது மணிக்கட்டு பின்னாடி மடங்குது பாருங்க, மொத்த அடியும் அங்கதான் இறங்கும். அண்டர் 12க்கு 4ஆம் நம்பர் பந்து, 350 லருந்து 390 கிராம். அண்டர் 15ல 5ஆம் நம்பர், 410 லருந்து 450. எடை மட்டும் இல்ல, அடிக்கிற காலும் வேற. சின்ன கீப்பருங்க பந்தைத் தடுக்கும்போது மணிக்கட்டு எலும்பு உடையறதைப் பத்தி 2001ல பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்ல டாக்டர்ங்க எழுதியிருக்காங்க, பெரியவங்க சைஸ் பந்துதான் அதிகமா ஒடைக்குது, வயசுக்கு ஏத்த பந்து குடுங்கன்னு. ப்ராக்டிஸ் முடிஞ்சு பையன் தரைல கைய ஊனி எழுந்திருக்கும்போது முகம் சுளிக்கிறானான்னு பாருங்க, சுளிச்சா ஐஸ் வச்சுட்டு மறுநாளே அனுப்பாதீங்க, எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க.

தூத்தூர் கடப்புறம்
மேடம், இப்படி பாத்தா பிள்ளைய சைக்கிள்ல கூட ஏத்தாண்டாம்.

மதுரை மல்லி
எங்களுக்கு இந்த வசதியெல்லாம் இல்லைங்க. என் பொண்ணு 13, கீப்பர். எங்க ஏரியால அவ வயசுக்கு பொண்ணுங்க டீமே கிடையாது, ஒண்ணு காலேஜ் அக்காங்களோட ஆடணும் இல்ல பையன்களோட ஆடணும். அக்காங்களோடதான் ஆடுறா. முதல்ல கிளவுஸ்ல ஆரம்பிச்சு எல்லாம் பெருசு, விரல் நுனி காலியா தொங்கும், பந்து வழுக்கிட்டே போகும். ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த அக்காங்க இவ சொல்றதைக் கேக்குறாங்க, ரிசர்வ் கீப்பர் சொல்ற மாதிரி யாரும் அடக்கல. அது டீமைப் பொறுத்தது. கோச் முதல் நாளே "பாக்ஸ்க்குள்ள இவ சொல்றதுதான்"னு எல்லாரையும் வச்சுச் சொன்னார்.

ரிசர்வ் கீப்பர்
அப்படி ஒரு கோச் கிடைச்சா நானும் வாயை மூடிக்கறேன். இன்னொண்ணு, நம்ம ஊர் அண்டர் 15 நிஜமாவே அண்டர் 15 ஆ? மீசையோட வர்றானுங்க. இந்திய ஃபுட்பால் சங்கம் ஏஐஎஃப்எஃப் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசு பார்க்கறதே இதுக்குத்தான். லோக்கல் டோர்னமென்ட்ல யாரு எக்ஸ்ரே பார்த்தா, பள்ளிக்கூட சர்டிஃபிகேட் ஜெராக்ஸ் போதும். மூணு வருஷம் மேலன்னு நினைச்சு அனுப்புவீங்க, எதிர்ல 17 வயசுக்காரன் பெனால்டி அடிக்க நிப்பான்.

வடசென்னை கோச்
அது உண்மை, மறுக்கல. ஆனா அந்த மீசைக்காரன் அண்டர் 12லயும்தான் வர்றான் 😀

குனியமுத்தூர் அப்பா
எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து கிரவுண்ட்ல இன்னொரு அப்பாகிட்ட பேச்சு குடுத்தேன், விஷயம் வெளிய வந்துருச்சு. அண்டர் 15ல இருந்த கீப்பர் பையன் டென்த்தாம், அவங்க வீட்ல ஷூவை எடுத்து பரண்ல போட்டுட்டாங்களாம். வேற எவனும் கோல்ல நிக்க மாட்டேங்கறான். அதான் எம்பையனைக் கூப்பிட்டிருக்காங்க.

ரிசர்வ் கீப்பர்
நான் முதல் கமென்ட்லயே கேட்டிருக்கணும். பையன் வளரணும்னு கூப்புடல சார், ஓட்டை அடைக்கக் கூப்புடறாங்க. கீப்பருக்கு மட்டும்தான் இது நடக்கும், 12 வயசு ஸ்ட்ரைக்கரை யாரும் இப்படி அவசரமா மேல கூப்புட மாட்டாங்க, அந்த இடத்துக்கு பத்து பேர் கியூல நிக்கறான்.

தூத்தூர் கடப்புறம்
கூப்பிட்டதுக்கு என்ன காரணமா இருந்தா என்ன, நிக்க இடம் கிடைச்சா நிக்கணும். மெயின் கீப்பர் இல்லாத நாள்லதான் பாதி கீப்பர்மாரு பொறந்தது.

ரிசர்வ் கீப்பர்
நின்னு எட்டு கோல் வாங்கினா? மறுநாள் ஸ்கூல்ல "எட்டு"ன்னு பேர் வச்சிடுவானுங்க. ஸ்பெயின் கீப்பர் கசியாஸை 1997ல 16 வயசுல ரியல் மாட்ரிட் சாம்பியன்ஸ் லீக் மேட்ச்சுக்கு கூட்டிட்டுப் போச்சு, பெஞ்ச்ல உட்கார வச்சுது, ஆட விட்டது 1999ல. இத்தாலி கீப்பர் பஃபோன் 12 வயசு வரைக்கும் மிட்ஃபீல்டர். அவரு ஏதாவது குறைஞ்சா போயிட்டாரு?

வடசென்னை கோச்
சரி, நான் என் கிரவுண்ட்ல பண்றதைச் சொல்றேன். ப்ராக்டிஸ் வாரத்துல ரெண்டு நாள் பெரிய பசங்களோட, 4ஆம் நம்பர் பந்துல, ஷாட்டை பதினாறு கஜத்துக்கு வெளிய இருந்து மட்டும். மேட்ச் அவன் வயசு டீம்ல. அங்க பந்து வரலையா, டிஃபன்ஸ் லைனை மேல ஏத்தி அவனை பின்னாடி அஞ்சாவது டிஃபண்டர் மாதிரி காலால ஆட வை, அதுவும் இப்ப கீப்பருக்கு வேணும். பெரிய டீமுக்கு ரொம்ப அவசரம்னா, ஜெயிச்சுட்டு இருக்கற மேட்ச்ல கடைசி பத்து நிமிஷம் இறக்கு. இதுக்கு உங்க கோச் ஒத்துக்கிட்டா அனுப்புங்க. "முழு மேட்ச் நிக்கணும், வேற ஆளில்ல"ன்னா அனுப்பாதீங்க.

குனியமுத்தூர் அப்பா
இதைக் கேட்டேங்க. முழு மேட்ச்சுன்னுட்டார். ஞாயித்துக்கிழமை லீக் இருக்காம்.

மதுரை மல்லி
அப்ப முடிவு பண்ணியாச்சு, அம்மா சொன்னதுதான்.

தூத்தூர் கடப்புறம்
நான் இன்னும் ஒத்துக்கல. அண்ணே, அந்த டென்த் பையனோட அப்பா நம்பர் வாங்கித் தாங்க. ஞாயித்துக்கிழமை ஒன்றரை மணி நேரம் விட்டா மார்க் ஒண்ணும் கொறையாதுன்னு நான் பேசுறேன்.