புதுப்பிப்பு: சோல்பிடெம் மாத்திரை, அளவும் நேரமும்

தூக்கமின்மைக்குத் தரப்படும் சோல்பிடெமைப் படுக்கையில் சாயும்போதுதான் போட வேண்டும் என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன். எவ்வளவு, சாப்பிட்டதும் போடலாமா என்று பலர் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

சாதாரண மாத்திரையில் தொடக்க அளவு பெண்களுக்கு 5 மி.கி., ஆண்களுக்கு 5 அல்லது 10. முதியவர்களுக்கு 5 தான். பெண்களின் உடலிலிருந்து மருந்து மெதுவாக வெளியேறுவதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் அவர்களுக்கான அளவைப் பாதியாக்கியது. மருந்து உடலில் மிச்சமிருந்தால் காலையில் கண் தெளிவாக விழித்திருக்கும், ஆனால் பிரேக்கை மிதிக்கக் கால் தாமதிக்கும். 7–8 மணி நேரம் தூங்க வழியில்லாத இரவில் போடவே வேண்டாம்.

வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு போட்டால் மருந்து ரத்தத்தில் கலக்க நேரமாகும். "வேலை செய்யவில்லையே" என்று இரண்டாவது மாத்திரையை எடுப்பது பெரும்பாலும் அப்போதுதான். தயவுசெய்து எடுக்காதீர்கள். மருந்தை மெதுவாக வெளிவிடும் மாத்திரை வகையை உடைக்கவோ மென்று விழுங்கவோ கூடாது.

மதுவோடும் ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற) வலிநிவாரணிகளோடும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். தூக்கத்திலேயே எழுந்து அடுப்பைப் பற்றவைப்பது, கார் ஓட்டுவது போன்றவை ஒரே ஒரு முறை நடந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவரிடம் பேசுங்கள். மற்றபடி வாரக்கணக்கில் போட்டு வந்தவர்கள் சட்டென நிறுத்தினால் தூக்கமின்மை முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள்.