வாளி வாளியாக ஊற்றி மூழ்கடித்தோம்

துடுப்புப் படகு ஓட்டும் எல்லோரும் படகு கவிழ்ந்த கதை எழுதுகிறீர்கள். நான் எழுதுவது நாங்களே தண்ணீர் ஊற்றி மூழ்கடித்த கதை.

எங்களிடம் நான்கு பேர் துடுப்புப் போடும் படகுகள் இரண்டு. ஒன்று புதிது. இன்னொன்று பழையது, ஆனால் ஓட்டச் சுகமானது அதுதான். காற்று வலுத்த ஒரு நாள் பழையதில் அலை ஏறிப் பாதி நிறைந்துவிட்டது. கரை பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம். "நிறைஞ்சாலும் மிதக்குமே, அப்புறம் என்ன பயம்?" என்றார் ஒருவர். சரி, ஆளோடு மிதக்கிறதா என்று பார்த்துவிடலாம் என முடிவானது.

இடுப்பளவு ஆழம், வெதுவெதுப்பான தண்ணீர், மிதவை அங்கி போட்ட நான்கு பேர், பிடித்துக்கொள்ள வெளியே இருவர். துடுப்புப் படகு விளையாட்டின் சர்வதேச அமைப்பான ஃபிசா (இப்போது வேர்ல்ட் ரோயிங்) 2007இல் கொண்டுவந்த வழிகாட்டுதலைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டோம்: படகு முழுக்க நிறைந்து, ஆட்களும் உட்கார்ந்த பிறகு, இருக்கையின் மேல்பக்கம் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ.க்கு மேல் கீழே போகக் கூடாது.

புதிய படகில் 4 செ.மீ.தான் கீழே போனது. உட்காருமிடம் நனைந்ததோடு சரி. துடுப்புப் போட்டுப் பார்த்தோம், தொட்டியை இழுப்பது போல இருந்தாலும் நகர்ந்தது.

பழையதில் காற்றறை, அதாவது நீர் புகாமல் மூடிய வெற்று அறை, இரு முனைகளில் மட்டும்தான். இருக்கைகளுக்கு அடியில் பெட்டி போல இருக்கும், ஆனால் பக்கவாட்டில் திறப்பு. செருப்பு வைக்கத்தான் லாயக்கு. உட்கார்ந்ததும் நடுவில் இருந்த எங்கள் இருவருக்கும் தொப்புளுக்கு மேல் தண்ணீர். முனைகள் இரண்டும் மேலே எழும்ப, நடுப்பகுதி தொய்ந்து, ரிகர் (துடுப்பைத் தாங்கும் பக்கச் சட்டம்) பக்கம் ஒரு முனகல் கேட்டது. அளந்தால் 16 செ.மீ. துடுப்பின் கைப்பிடியே தண்ணீருக்குள். எனக்குப் பின்னால் இருந்தவர் லேசாகத் திரும்பினார், அவ்வளவுதான், படகு உருண்டது.

காரணம் எளிது. ஒரு லிட்டர் காற்றறை ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். நீருக்குள் இருக்கும் உடம்புக்கு எடை கிட்டத்தட்ட இல்லை. மேலே நிற்கும் தலை, தோள், மார்பைத்தான் படகு சுமக்க வேண்டும். காற்றறை போதாவிட்டால் அந்தக் கணக்கு சரியாகும் வரை ஆட்களையும் சேர்த்து இறக்கிவிடும். "மிதக்கும்" என்று சொன்னவர் சொன்னது பொய்யில்லை. மார்பளவு நீரில், நகர முடியாமல் மிதக்கும். குளிர்ந்த நீராக இருந்தால் அந்த நிலையில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? 2000 டிசம்பரில் ஸ்பெயினின் எப்ரோ ஆற்றில் எட்டுப் பேர் படகு ஒன்று நீர் நிறைந்ததில் பயிற்சிக்குப் போயிருந்த மாணவர் ஒருவர் இறந்தார். இருக்கைக்கு அடியில் மூடிய அறைகள் வேண்டும் என்ற குரல் அதன் பிறகுதான் வலுத்தது.

என்னை உண்மையில் உலுக்கியது கடைசிச் சோதனை. புதிய படகில் காற்றறையின் ஒரே ஒரு ஹேட்ச் (திறப்பு) மூடியைத் திருகிக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு களக் களக் என்று சத்தம், மூன்றாம் இருக்கை மெல்ல இறங்கத் தொடங்கியது. உள்ளே காயட்டும் என்று பயிற்சி முடிந்ததும் இந்த மூடிகளைத் திறந்து வைப்பது நாங்கள்தான். எத்தனை நாள் மூட மறந்து கிளம்பினோமோ! இன்னொரு மூடியின் ரப்பர் வளையத்தில் மணல் ஒட்டியிருந்தது. அதுவும் கசிந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

பழைய படகின் இருக்கைகளுக்கு அடியில் காற்றுப்பைகள் கட்டி மறுபடி அளந்தோம். 6 செ.மீ. வரை வந்திருக்கிறது. சனிக்கிழமை நடுவில் இன்னொரு பை சேர்த்துப் பார்க்கப் போகிறோம். அதுவரை அது கொட்டகையை விட்டு வெளியே வராது.