வேனின் ஸ்டீயரிங் ஆயிலை நானே மாற்றலாமா?

பெரம்பூர் வேன்காரன்:
பத்து வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். ஒரு மாதமாகக் காலையில் முதல் திருப்பத்திலேயே ஸ்டீயரிங் முனகுகிறது. பின் இருக்கைப் பிள்ளைகள் அதே சத்தத்தைத் திருப்பிப் பாடிக் காட்டுகிறார்கள். டப்பாவைத் திறந்தால், சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் பழைய டிகாக்‌ஷன் மாதிரி இருக்கிறது. அளவும் குறைந்திருக்கிறது. ஓரிடத்தில் 2,800 ரூபாய் கேட்டார்கள். இன்னொருவர், "கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றி ஓட்டுங்கள்" என்றார். எதை நம்புவது?

பணிமனைக் கிழவன்:
தம்பி, பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். ஸ்டீயரிங் சீல்கள் மினரல் ஆயிலுக்கென்று செய்தவை. பிரேக் ஆயில் பட்டால் கெட்டு ஒழுகும். பிறகு 2,800 ரூபாய் மலிவாகத் தோன்றும்.

உங்கள் வண்டிக்கு எந்த ஆயில் என்பது கையேட்டிலோ டப்பா மூடியிலோ இருக்கும். பல வேன்களுக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கான ஆயில்தான், ஆனாலும் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

ஊசி போடாத பெரிய சிரிஞ்சால் டப்பாவில் இருப்பதை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றலாம். சுலபம்தான், ஆனால் ஒருமுறை செய்தால் போதாது. மொத்தம் ஒரு லிட்டரில் டப்பாவில் 400 மில்லி நிற்கிறது என்றால், மூன்று முறை மாற்றிய பிறகும் ஐந்தில் ஒரு பங்கு பழையதுதான் ஓடும்.

முழுதாக மாற்ற, டப்பாவுக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள். டப்பாவின் அந்த வாயை அடைத்துவிடுங்கள். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். எஞ்சினை ஓடவிடாமல், சாவியைத் திருப்பிப் பூட்டை மட்டும் விடுவித்து, ஸ்டீயரிங்கை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மெதுவாகத் திருப்புங்கள். ஒருவர் திருப்ப, இன்னொருவர் டப்பா காலியாகாமல் ஊற்ற வேண்டும். பாட்டிலில் சிவப்பு வந்ததும் ஹோஸை மாட்டி, இன்னும் இருபது தடவை திருப்பிய பிறகே எஞ்சினைப் போடுங்கள். நுரைத்தால் காற்று இருக்கிறது, அணைத்துவிட்டுக் காத்திருங்கள். எஞ்சின் ஓடும்போது கடைசி முனையில் பிடித்தே நிற்காதீர்கள், பம்ப் சூடேறும்.

இன்னொன்று: மூடிய சுற்றில் ஆயில் தானாகக் குறையாது. எங்கே போனது என்று தேடுங்கள்.

அயனாவரம் அக்கா:
என் சிறிய வேனில் டப்பாவையே காணோம் என்று அரை மணி நேரம் தேடினேன். அதில் மின்சார ஸ்டீயரிங்காம், ஆயிலே கிடையாதாம்! நீங்கள் திறந்தது ஸ்டீயரிங் டப்பாதானே, தம்பி?

பெரம்பூர் வேன்காரன்:
ஆமாம் அக்கா, மூடியில் ஸ்டீயரிங் சக்கரப் படமே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மச்சானை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்துச் செய்து முடித்தேன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஆயில் வாங்கினேன். டப்பாவைக் கழற்றிக் கவிழ்த்தபோதுதான் தெரிந்தது, அடியில் உள்ள வலை முழுக்கக் கரும்பிசின். பம்புக்கு ஆயில் போக வழியே இல்லை, முனகாமல் என்ன செய்யும்? மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து மாட்டினேன். முனகல் நின்றுவிட்டது.

இரவு அடியில் அட்டை விரித்து வைத்தேன். காலையில் ரிட்டர்ன் ஹோஸ் கிளிப்புக்கு நேர் கீழே இரண்டு சிவப்புச் சொட்டுகள். கிளிப்பை மாற்றிவிட்டேன், இன்று அட்டை சுத்தம்.

பழைய ஆயில் ஒன்றரை லிட்டர் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கதவில் கரையானுக்குப் பூசக் கேட்கிறார். கொடுக்கலாமா, ஐயா?

பணிமனைக் கிழவன்:
வேண்டாம். பிள்ளைகள் தொடும் கதவு. சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். கழிவு ஆயில் சேர்க்கும் பீப்பாய் வைத்திருக்கும் பணிமனையில் கொடுத்துவிடுங்கள். அந்த அட்டையை இன்னும் ஒரு வாரம் விரித்து வையுங்கள்.