மெத்தையில் பள்ளம், மேலே டாப்பர் போட்டும் முதுகுவலி: அப்பா, அம்மா இருவருக்கும் ஒத்துவர என்ன வழி?

கேள்வி (கேட்டவர்: முத்துநகர்)

அப்பா 84 கிலோ. மல்லாந்தும் குப்புறவும் படுப்பார், காலையில் எழுந்ததும் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அம்மா 56 கிலோ, எப்போதும் ஒருக்களித்துத்தான் படுப்பார், தோள் வலிக்கிறது. மெத்தை 78×60, 6 அங்குலம், தேங்காய் நார் வகை, 7 வருடமாகிறது. புது மெத்தை வாங்குவதற்குப் பதில் 3 அங்குல மெமரி ஃபோம் டாப்பர் (மெத்தைமேல் விரிக்கும், உடம்பு பதிய அமுங்கும் ஃபோம் விரிப்பு) போட்டோம். அப்பாவுக்கு வலி கூடிவிட்டது, அம்மாவுக்கு வேர்க்கிறது என்கிறார். ஊர் தூத்துக்குடி, அந்த அறையில் ஏசி இல்லை. கட்டில் ஸ்டோரேஜ் வகை, மேலே பிளைவுட் பலகை. இதைவிடக் கனமான டாப்பர் எடுக்கலாமா?

பதில் (நூல்பிடி)

அவசரப்பட்டு இன்னொன்று எடுக்காதீங்க தம்பி. டாப்பர் மெத்தையை மென்மையாக்கும், பள்ளத்தை நிரப்பாது. கீழே எப்படிக் குழிந்திருக்கிறதோ அப்படியே அதுவும் குழியும்.

முதலில் டாப்பரை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் மெத்தையை ஆள் படுக்காமல் விடுங்க. தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்து, இடுப்பு வரும் இடத்தில் நூலுக்கும் மெத்தைக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளங்க. இரண்டு பேர் பக்கமும் தனித்தனியாக. பிறகு மெத்தையைத் தரையில் போட்டு மறுபடி அளங்க. தரையில் பள்ளம் குறைந்தால் வளைந்திருப்பது பலகை. அதே அளவு இருந்தால் மெத்தை போய்விட்டது.

டாப்பரின் எடை என்ன என்றும் பாருங்க.

முத்துநகர்

அப்பா பக்கம் ஒன்றே முக்கால் அங்குலம், அம்மா பக்கம் முக்கால். தரையிலும் அதேதான். டாப்பர் 7 கிலோ. உறையில் ‘50 டென்சிட்டி’ என்று அச்சடித்திருக்கிறது. மெத்தையின் அடியில் சாம்பல் நிறப் புள்ளிகளும் இருக்கின்றன.

பதில் (நூல்பிடி)

அப்போது மெத்தையை மாற்றத்தான் வேண்டும். சுருட்டிய நாரை ரப்பர் பால் தெளித்து ஒட்டித்தான் இந்த வகையைச் செய்கிறார்கள். ஒட்டு விட்டு நார் நொறுங்கிய இடம் மறுபடி எழும்பாது. 2, 3 மாதத்துக்கு ஒருமுறை புரட்டி, தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கும். இப்போது புரட்டினால் சில நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், பிறகு அந்தப் பக்கமும் உட்கார்ந்துவிடும்.

டாப்பர் கணக்கைப் பாருங்க. நீளம், அகலம், கனம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61,024-ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். 78×60×3 என்றால் 0.23. உண்மையிலேயே 50 அடர்த்தியாக, அதாவது கன மீட்டருக்கு 50 கிலோவாக இருந்தால் பதினொன்றரை கிலோ நிற்க வேண்டும். 7 கிலோ என்றால் அடர்த்தி 30 சொச்சம்தான். 84 கிலோ உடம்புக்கு அது சீக்கிரமே தளர்ந்து அடிவரை அமுங்கிவிடும். ரசீதும் உறையும் இருந்தால் வாங்கின கடையில் தராசு வைத்தே கேளுங்க.

பதில் (கடற்காற்று)

எடை சரியாக இருந்தாலும் ஏசி இல்லாத அறைக்கு மெமரி ஃபோம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது சூட்டில் இளகும், குளிரில் இறுகும். ஏசி ஷோரூமில் ஐந்து நிமிடம் படுத்துப் பார்க்கும்போது கெட்டியாக இருந்தது, மே மாத ராத்திரியில் இடுப்பை உள்ளே இழுக்கும். குப்புறப் படுப்பவருக்கு வயிறும் இடுப்பும் தாழ்ந்து முதுகு பின்பக்கமாக வளையும். காலையில் வரும் பிடிப்பு பெரும்பாலும் அதனால்தான்.

பதில் (சமமட்டம்)

இருவருக்கும் ஒரே மெத்தை ஒத்துவராது. ஆனால் கட்டிலைப் பிரிக்க வேண்டியதில்லை. அடியில் 78×60, 4 அங்குலம் ரீபாண்டட் ஃபோம் (ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டியது), அடர்த்தி 90 அளவில். கிட்டத்தட்ட 28 கிலோ இருக்கும். அதன்மேல் 78×30 அளவில் பலகை போல வெட்டிய 2 அங்குலத் துண்டு இரண்டு: அப்பா பக்கம் 40 அடர்த்தியுள்ள எச்.ஆர். ஃபோம் (அமுக்கினால் உடனே எழும்பும் வகை), கெட்டி ரகம். அம்மா பக்கம் மென்மை ரக லேடெக்ஸ் (ரப்பர் ஃபோம்), 80 அடர்த்தி. மொத்தம் பழைய 6 அங்குலமே வருவதால் கட்டில் உயரம் மாறாது. பெரியவர்கள் உட்கார்ந்து எழுவதற்கு இது முக்கியம்.

மூன்றையும் பசை போட்டு ஒட்டக் கூடாது. ஜிப் வைத்த ஒரே உறைக்குள் போடச் சொல்லுங்க. ஒருவருக்கு ஒத்துவராவிட்டால் அந்தப் பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் ஒரே கனம் இருக்க வேண்டும். அப்பாவுக்கு எதுவும் வேண்டாம் என்று விட்டால் நடுவில் 2 அங்குலப் படி நிற்கும்.

கடையில் அடர்த்தியையும் கெட்டித்தன்மையையும் குழப்பிவிடுவார்கள். அடர்த்தி என்பது எத்தனை வருடம் உழைக்கும் என்பதற்கு, மென்மைக்கு அல்ல. 80 அடர்த்தி லேடெக்ஸ் மெத்தென்றும் இருக்கும், கெட்டியாகவும் வரும். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்க. வந்ததும் எடை போடுங்க: லேடெக்ஸ் பலகை 6 கிலோ, எச்.ஆர். 3 கிலோ. உறை இல்லாமல்.

முத்துநகர்

அப்பாவோ முதுகுவலிக்கு வெறும் மரப்பலகைதான் நல்லது, டாப்பரே வேண்டாம் என்கிறார். இலவம்பஞ்சு மெத்தை போதாதா என்றும் கேட்கிறார்.

பதில் (சமமட்டம்)

கெட்டியான படுக்கைதான் முதுகுக்கு நல்லது என்பது பழைய நம்பிக்கை. 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வில், நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேருக்குக் கெட்டி மெத்தையும் நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது.

அப்பாவை மல்லாந்து படுக்கச் சொல்லி இடுப்புக்கு அடியில் உள்ளங்கையை நுழையுங்க. தடையே இல்லாமல் போய்வந்தால் படுக்கை ரொம்பக் கெட்டி. நுழையவே மறுத்தால் ரொம்ப மென்மை. லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. அம்மாவுக்கு, ஒருக்களித்துப் படுத்ததும் பின்னாலிருந்து பாருங்க. கழுத்திலிருந்து அடிமுதுகுவரை முதுகெலும்பு நேர்கோடாக இருக்க வேண்டும்.

இலவம்பஞ்சு காற்றோட்டத்துக்கு அருமை. ஆனால் எடை விழும் இடத்தில் திட்டுத் திட்டாக அமுங்கும். பிரித்துக் கொட்டி அடித்து மறுபடி திணிக்க ஆள் கிடைத்தால் வாங்கலாம். அப்பா எடைக்கு நான் சொல்ல மாட்டேன்.

பதில் (கடற்காற்று)

தலையணையை மறக்காதீங்க. புதுப் படுக்கையில் அம்மாவின் தோள் உள்ளே இறங்கும், பழைய தலையணையே இருந்தால் கழுத்து மேல்பக்கம் வளையும். ஓர் அங்குலம் போலக் குறைத்துப் பாருங்க. அப்பா குப்புறப் படுக்கும்போது தலைக்கு மெல்லியது போதும், அடிவயிற்றுக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை.

அடியில் உள்ள புள்ளி பூஞ்சை. பிளைவுட்டில் காற்று போக வழியில்லை. ஓர் அங்குலத் துளைகளை ஒரு சாண் இடைவெளியில் பலகை முழுக்கப் போடச் சொல்லுங்க, சட்டத்தின் மேல் மட்டும் வேண்டாம். பழைய பூஞ்சையைத் துடைத்து நன்றாகக் காயவிட்ட பிறகே புது மெத்தை. வாரம் ஒருமுறை அதைச் சுவரில் சாய்த்து ஃபேன் காற்று காட்டுங்க. பிளாஸ்டிக் ஷீட் போன்ற வாட்டர்ப்ரூஃப் உறை போட்டால் வேர்வை திரும்ப வரும்.

அம்மாவுக்குத் தோள்வலியோடு கை மரத்துப்போகிறதா?

முத்துநகர்

ஆமாம், கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும். பகலிலும் சில நேரம்.

பதில் (கடற்காற்று)

அப்படியென்றால் மெத்தைக்கு முன்னால் டாக்டர். அந்த மூன்று விரல் மரத்தால் மணிக்கட்டிலோ கழுத்திலோ நரம்பு அழுந்தலாம், படுக்கை மாற்றி அது தீராது. அப்பாவுக்கு வலி காலுக்கு இறங்கினாலும் அப்படித்தான்.

பதில் (சமமட்டம்)

லேடெக்ஸ் வந்த புதிதில் ரப்பர் வாடை அடிக்கும். ஜன்னலைத் திறந்து அறைக்குள்ளேயே ஆறவிடுங்க. பஞ்சு மெத்தைப் பழக்கத்தில் மொட்டைமாடி வெயிலில் போட்டுவிடாதீங்க. வெயில் பட்டால் மஞ்சளாகி, மேல்பரப்பு பொடியாக உதிரும்.