கைற்றோசான் கலவையில் துளி வரவில்லை, உதவுங்கள்

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். முல்லைத்தீவு இறால் கோதில் எடுத்த கைற்றோசானையும் கடற்பாசியில் இருந்து எடுக்கும் சோடியம் அல்ஜினேற்றையும் கலந்து, தேன் போன்ற திரவ அவத்தையைத் துளிகளாகப் பிரிக்க மூன்று கிழமையாக முயல்கிறேன். கலந்த கணமே பஞ்சுபோல வெள்ளை வீழ்படிவு; கண்ணாடிக் கோலில் சுற்றிக்கொள்கிறது.

இரண்டும் 0.5 சதவீதம், பீஎச் 4.5. செறிவைப் பாதியாக்கினேன். சொட்டுச் சொட்டாக விட்டேன். உப்பை லீற்றருக்கு 0.3 மோல் வரை கூட்டினேன். தும்பு கொஞ்சம் இளகுகிறது, துளியாகவில்லை. கைற்றோசானில் நேர், அல்ஜினேற்றில் எதிர் என இரண்டிலும் மின்னேற்றம் அடர்த்தியாக இருப்பதால் சங்கிலிகள் இறுகப் பிடித்துக்கொள்கின்றன என்றே நினைக்கிறேன். பீஎச்சை ஏற்றினால் கைற்றோசானின் ஏற்றம் குறையும், சரி. ஆனால் 6.5 ஐ நெருங்கினால் அது தானே வீழ்படிவாகிவிடுமே!

பீஎச்சை 6 வரை ஏற்றிப் பார்க்கவா, அல்லது அல்ஜினேற்றை விட்டு ஏற்ற அடர்த்தி குறைந்த அரபிக் கோந்துக்கு மாறவா?