‘ஹேவ்’ என்ற வினைச்சொல்: எங்கள் வகுப்பிலும் வீட்டிலும் கண்டவை

மலேசியாவின் பட்டர்வொர்த் நகர ஆசிரியை ஒருவர்:

தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். அவர்களின் கட்டுரைகளில் ‘மை ஃபாதர் இஸ் ஹேவிங் எ லாரி’ போன்ற வாக்கியங்கள் அடிக்கடி வரும். இதைக் கவனக்குறைவு என்று நான் கருதுவதில்லை. ‘அப்பா லாரி வைத்திருக்கிறார்’ என்று மனத்தில் அமைத்துக்கொள்ளும் பிள்ளை, ‘வைத்திருக்கிறார்’ என்பதிலுள்ள தொடர்ச்சியை ஆங்கிலத்திலும் காட்ட விரும்பி ‘ஹேவிங்’ என்று எழுதுகிறது. உடைமையைச் சொல்லும்போது ‘ஹேஸ் எ லாரி’ என்பதே சரி. ஆனால் ‘ஹி இஸ் ஹேவிங் லன்ச்’ என்பது பிழையன்று. அங்கே அச்சொல் உண்ணுதல் என்னும் செயலைக் குறிக்கிறது. ஆகவே ‘இது உடைமையா, செயலா?’ என்று முதலில் கேட்கச் சொல்கிறேன்.

அடுத்த சிக்கல் எழுவாயில் இருக்கிறது. ‘அவளுக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்’ என்னும்போது தமிழில் வினைமுற்று தங்கைகளோடு இயைகிறது. ஆங்கிலத்தில் உடையவரே எழுவாய் என்பதால், தங்கைகள் எத்தனை பேராயினும் ‘ஷி ஹேஸ்’ என்றுதான் வரும். பன்மையைக் கண்டு ‘ஷி ஹேவ் டூ சிஸ்டர்ஸ்’ என்று எழுதும் பிள்ளைக்கு இவ்விரு வாக்கியங்களையும் அருகருகே எழுதிக் காட்டினால் உடனே விளங்குகிறது.

தமிழ் கைகொடுக்கும் இடங்களும் உண்டு. அவை எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகின்றன. ‘சாப்பிட்டிருக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஹேவ் ஈட்டன்’, ‘போக வேண்டியிருக்கிறது’ என்பதற்கு ‘ஐ ஹேவ் டு கோ’ என்று வருகின்றன. உடைமைக்கு வரும் ‘இரு’ இவ்விரண்டிலும் துணைவினையாக நிற்பதைப் போலவே, ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ நிற்கிறது. இதைக் கண்ட பிள்ளைகள் இலக்கணப் பெயர்களை மனனம் செய்யாமலேயே எழுதத் தொடங்குகிறார்கள்.

செந்தூலிலிருந்து ஒரு தந்தை:

ஆசிரியை அவர்கள் சொன்னதோடு மலாய் மொழியின் தாக்கத்தையும் சேர்க்க வேண்டும். ‘அடா’ என்ற ஒரே சொல் இருப்பதையும் உடைமையையும் குறிப்பதால், இங்கு நாம் பேசும் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘காட்’ (got) வந்துவிடுகிறது. கடைத்தெருவில் ‘யூ காட் கார் ஆர் நாட்?’ என்பது எல்லாருக்கும் புரியும். அதை நான் குறை சொல்லமாட்டேன். நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் என் மகளுக்கு மட்டும் ‘டு யூ ஹேவ்’, ‘டஸ் ஷி ஹேவ்’ என்னும் வினா வடிவங்களைப் பழக்குகிறேன். ‘டஸ்’ முன்னே வந்தால் ‘ஹேஸ்’ மீண்டும் ‘ஹேவ்’ ஆகிவிடும் என்பதுதான் அவளுக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது. ‘இருக்கிறதா’ என்று வினைமுற்றின் இறுதியில் ஓர் ‘ஆ’ சேர்த்தே வினவிப் பழகிய நாவுக்கு, வினாவின் அடையாளத்தை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வைப்பது புதிதல்லவா?